பார்த்துக்கிட்டவங்க பார்த்துக்கப்படுறவங்களா ஆனப்போ: கொரோனா காலத்து ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு ரிட்டயர்டு நர்ஸோட கேஸ். முதியோருக்கான மனநல ஆலோசனை சேவை ஒண்ணுல வேலை பார்க்குறப்போ என்கிட்ட வந்தது. அந்தம்மாகிட்டயும் குடும்பத்துகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன், அவங்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாத்தியிருக்கேன். முதியோரோட வேலை செய்யுறவங்க, வீட்ல வயசான அம்மா அப்பா இருக்குறவங்க ரெண்டு பேருக்கும் பயன்படும்னு நினைக்கிறேன்.

பின்னணி

அவங்களுக்கு அப்ப 74 வயசு. ஆஸ்பத்திரில வார்டு சிஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. கணவர் இறந்து சில வருஷம் ஆச்சு, மகன், மருமகள், பேரனோட ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல மூணாவது மாடில இருந்தாங்க. ரிட்டயர் ஆனாங்கன்னு பேருதான், அந்த பில்டிங்குக்கே அவங்கதான் சிஸ்டர். ஆபரேஷன் முடிஞ்சு வந்தவருக்கு டிரெஸ்ஸிங் மாத்துறது, புதுசா இன்சுலின் ஆரம்பிச்சவங்களுக்கு ஊசி எங்க போடணும் எப்படிப் போடணும்னு சொல்லிக்கொடுக்குறது, சாயங்காலம் பிபி பார்க்குறது. யாருக்கு எந்தத் தேதில எவ்வளவு பிபின்னு ஒரு நோட்டு வச்சிருந்தாங்க. கையில எப்பவும் நொடி முள் உள்ள வாட்ச், நாடி எண்ணுறதுக்கு.

2020 மார்ச் 11ல உலக சுகாதார நிறுவனம் கோவிட்டை பெருந்தொற்றுன்னு சொல்லுச்சு. லாக்டவுன் வந்த கையோட வீட்ல ஒரு முடிவு எடுத்தாங்க: அம்மா வெளிய போகக் கூடாது, யாரும் உள்ள வரக் கூடாது, பிபி மெஷினை எடுத்து பரண்ல வச்சாச்சு, இல்லன்னா யாராவது தேடி வருவாங்கன்னு. குடியிருப்பு சங்கமும் 60 வயசு தாண்டினவங்க கதவுக்கு வெளிய வரவேண்டாம்னு நோட்டீஸ் ஒட்டுச்சு. இந்த முடிவு எதுலயும் அவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கெட்ட எண்ணம்னு சொல்ல முடியாது, மகனோட நண்பர் ஒருத்தர் அந்த சமயத்துலதான் அப்பாவை கோவிட்டுக்குப் பறிகொடுத்திருந்தார், மகன் ராத்திரி தூங்காம பயந்துகிட்டு இருந்தார்.

இன்னொண்ணும் இங்க சொல்லணும். 2020ஐ உலக சுகாதார நிறுவனம் நர்ஸ்கள், மருத்துவச்சிகளோட ஆண்டுன்னு முன்னாடியே அறிவிச்சிருந்தது, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 வருஷம் ஆனதால. பல நாடுகள்ல ரிட்டயர் ஆன நர்ஸ்களைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாங்க. அந்தச் செய்தியெல்லாம் டிவில ஓடுறப்போ இவங்க ஹால்ல உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

முதல் ரெண்டு மாசம்

வீட்லயே அவங்கதான் ரொம்ப தெம்பா இருந்தாங்களாம். கை கழுவுறது எப்படி, மாஸ்க்கோட முன்பக்கத்தைத் தொடாம கழட்டுறது எப்படி, வெளிய போய்ட்டு வந்தவங்க எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது, எல்லாத்துக்கும் வீட்ல அவங்க வச்சதுதான் சட்டம். மருமகள் சொன்னது, "எங்க எல்லாருக்கும் கை நடுங்குச்சு, அத்தைதான் வார்டு ரவுண்ட்ஸ் மாதிரி நடமாடிட்டு இருந்தாங்க."

இதுல ஆச்சரியப்பட எதுவும் இல்ல. முதுமையை ஆராயுற உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனும் அவரோட குழுவும் 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல எடுத்த கருத்துக்கணிப்புல, வயசானவங்க தங்களுக்கு ஆபத்து அதிகம்னு தெரிஞ்சும் இளவயசுக்காரங்களைவிட மனசளவுல நல்லாவே இருந்ததா பதிவாச்சு. அதனால 'வயசானவங்க, பயந்து ஒடிஞ்சுட்டாங்க'ங்கிற விளக்கம் இவங்களுக்குப் பொருந்தாதுன்னு நான் ஆரம்பத்துலயே ஒதுக்கி வச்சேன். இவங்க ஒடிஞ்சது பயம் உச்சத்துல இருந்தப்போ இல்ல, வீட்ல எல்லாரும் விஷயத்தைக் கத்துக்கிட்டு, இவங்ககிட்ட கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போனப்போ.

மாற்றம் ஆரம்பிச்சது

ஜூன்ல இருந்து மருமகள் கவனிச்சதை வரிசையா சொன்னாங்க. காலைல எழுந்து டிரெஸ் மாத்துறது நின்னுச்சு, வாட்ச்சைக் கழட்டி டிராயர்ல போட்டாங்க, பகல்ல தூக்கம், ராத்திரி முழிப்பு. செய்தி பார்க்குறது நின்னுச்சு. போன் அடிச்சா எடுக்குறதில்ல. சொந்த பிபி மாத்திரையையே ரெண்டு நாள் மறந்தாங்க, மாத்திரை விஷயத்துல ஊரையே மிரட்டினவங்க. 'நான் உங்களுக்கு ஒரு பாரம்'னு சொல்ல ஆரம்பிச்சதும்தான் வீட்ல பயந்தாங்க. மகனோட சந்தேகம் மறதி நோய். ஆகஸ்ட்ல எங்க சேவைக்குப் போன் பண்ணாங்க.

முதல் பேச்சு வீடியோ கால்ல. நான் அவங்ககிட்ட கேட்ட கேள்விக்கெல்லாம் மகனும் மருமகளும் பதில் சொன்னாங்க, அவங்க ஸ்கிரீனோட ஒரு ஓரத்துல பாதி முகமா இருந்தாங்க. அடுத்த தடவை வீடியோ வேணாம், அவங்க ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு, வெறும் போன் போதும்னு கேட்டேன். அதுல பேசினாங்க, நிறையவே.

"ஏம்மா, நாப்பது படுக்கை வார்டை ராத்திரி ட்யூட்டில தனியா பார்த்தவ நான். இப்ப கதவைத் தொறக்க என் பேரன்கிட்ட கேக்க வேண்டியிருக்கு. செத்துடுவேன்னு பயப்படுறாங்க. நான் எத்தனை சாவு பார்த்திருப்பேன், அதுக்கா பயப்படப்போறேன்? எதுக்கும் ஆகாதவளா உக்காந்திருக்கிறதுதான் தாங்கல."

எது எதுவா இருக்கலாம்னு பார்த்தது

மனசுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி உடம்பைப் பார்க்கணும், முதியோர் விஷயத்துல இதை விடவே கூடாது. டாக்டர் சொல்லி தைராய்டு, சோடியம், வைட்டமின் பி12, சர்க்கரை பார்த்தாங்க. பி12 கொஞ்சம் கம்மி, அதுக்கு மருந்து ஆரம்பிச்சாங்க. நினைவாற்றல் சோதனைல மறதி நோய்க்கான அடையாளம் இல்ல. ஆனா காது கொஞ்சம் மந்தம்னு தெரிஞ்சுது, முன்னாடி உதட்டைப் பார்த்து சமாளிச்சிருக்காங்க, எல்லாரும் மாஸ்க் போட்டதும் அந்த வழி அடைஞ்சுபோச்சு. 'கவனிக்கவே மாட்டேங்குறாங்க, மறந்துபோகுது'ன்னு மகன் சொன்னதுல பாதி இந்தக் காதுதான்.

15 கேள்வி உள்ள முதியோர் மனச்சோர்வு அளவுகோல்ல 8 வந்தது. 5க்கு மேல போனா கவனிக்கணும்பாங்க. ஆனா அந்தத் தாளை ஒரு தடவை படிச்சுப் பாருங்க: 'உங்க வேலைகள், ஆர்வங்கள் பலதையும் விட்டுட்டீங்களா', 'வெளிய போய் புதுசா ஏதாவது செய்யுறதைவிட வீட்லயே இருக்கப் பிடிக்குதா'. ஊரே அடைஞ்சு கிடக்கிறப்போ இந்தக் கேள்விக்கெல்லாம் யாரு எப்படிப் பதில் சொன்னாலும் அதை வச்சு என்னத்தைத் தெரிஞ்சுக்கிறது? அதை ஒதுக்கிட்டு மத்த பதில்களைப் பார்த்தப்போ, 'இப்ப இருக்கிற நிலைமைல நீங்க மதிப்பில்லாதவங்கன்னு தோணுதா'ங்கிற கேள்விக்கு யோசிக்காம ஆமான்னு சொல்லியிருந்தாங்க. தற்கொலை எண்ணம் இருக்கான்னு நேரடியா கேட்டேன், இல்ல. சாப்பாடு குறைஞ்சிருந்தாலும் எடை பெருசா குறையல.

சூசன் விட்போர்ன்னு ஒரு உளவியலாளர், வயசாகுறப்போ நம்ம சுயத்துக்கு என்ன ஆகுதுன்னு விளக்கியிருக்காங்க. ஒரு வகை ஆளுங்க எந்த மாற்றத்தையும் பழைய 'நான்'குள்ளயே அமுக்கிடுவாங்க, எனக்கு ஒண்ணும் ஆகலன்னு. இன்னொரு வகை, வெளில இருந்து வர்ற அடையாளத்தை அப்படியே வாங்கி மாட்டிக்குவாங்க. ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறதுதான் நல்லது. இவங்க ரெண்டாவது பக்கம் முழுசா சாய்ஞ்சிருந்தாங்க. நோட்டீஸ்ல இருந்த 'எளிதில் பாதிக்கப்படுவோர்'ங்கிற பட்டத்தை, வீட்ல தினமும் நூறு சின்ன விஷயத்துல திரும்பத் திரும்பக் கேட்டு, உண்மைதான்னு நம்பிட்டாங்க. இது லேசுப்பட்ட விஷயம் இல்ல. தன்னோட முதுமையை நல்லவிதமா பார்த்தவங்க அப்படிப் பார்க்காதவங்களைவிட சராசரியா ஏழரை வருஷம் அதிகம் வாழ்ந்ததா உளவியலாளர் பெக்கா லெவியோட 2002 ஆய்வுல வந்திருக்கு.

எடுத்த முடிவு, ஏன்

முன்னாடி மூணு நாலு வழி இருந்துச்சு. மருந்து ஒண்ணு, டாக்டர் தயாரா இருந்தார், அவங்க இப்ப வேணாம்னாங்க. ஆறு வாரம் பார்ப்போம், எடை குறைஞ்சாலோ சாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலோ உடனே மருந்துன்னு எழுதி ஒத்துக்கிட்டாங்க. ஆன்லைன்ல முதியோருக்கான பாட்டு, விளையாட்டுக் குழு ஒண்ணு, ஒரே தடவை உக்காந்து பார்த்துட்டு "எனக்குப் பொழுது போகலன்னு உங்ககிட்ட சொன்னேனா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி.

அடுத்தது வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்குற முறை, 1963ல ராபர்ட் பட்லர்ங்கிற மனநல மருத்துவர் எழுதினதுல இருந்து வந்தது. எனக்குப் பிடிச்ச முறைதான், உளவியலாளர் எரிக் எரிக்சன் வாழ்க்கையோட கடைசிப் பருவத்துக்குச் சொன்ன நிறைவா விரக்தியாங்கிற போராட்டத்துக்கு நல்லா உதவும். இவங்களுக்கு அப்ப வேணாம்னு தள்ளி வச்சேன். அந்த நிலைமைல போய் 'உங்க பழைய வேலையைப் பத்திச் சொல்லுங்க'ன்னு கேட்டா, அதெல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுற மாதிரி ஆயிடும். முடிஞ்சிருந்தா அழலாம். முடியலையே, பூட்டித்தானே வச்சிருந்தாங்க.

அதனால உண்மையான வேலை ஒண்ணைத் திரும்பக் கொடுக்கிறதுன்னு முடிவு. குடியிருப்புல தொற்று வந்து வீட்டுத் தனிமைல இருக்குறவங்களுக்கு இளைஞர்கள் சிலர் மளிகை, மருந்து வாங்கிக்கொடுத்துட்டு இருந்தாங்க, ஆனா நோய் நிலைமையை கவனிக்க ஆள் இல்ல. விரல்ல மாட்டினா ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு காட்டுற ஆக்ஸிமீட்டர் வாங்கி வச்சிருந்தாங்க, அதுல வர்ற நம்பரை என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. இவங்க தினமும் போன் பண்ணி நிலவரம் கேட்டு எழுதணும், ஒரு டாக்டர் தினமும் அந்தத் தாளைப் பார்ப்பார், ஆக்ஸிஜன் 94க்குக் கீழ போனாலோ மூச்சு வாங்கினாலோ உடனே அவருக்குச் சொல்லணும், மருந்து எதுவும் இவங்க சொல்லக்கூடாது, ஒரு நாளைக்கு நாலு வீட்டுக்கு மேல வேணாம். ஒப்புக்குக் கொடுத்த வேலை இல்ல இது, இவங்க செய்யலன்னா அங்க நிஜமாவே ஒரு ஓட்டை இருக்கும். அப்படி இல்லாத ஒரு வேலையைக் கொடுத்திருந்தா அவங்க ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருப்பாங்க.

மகன் முதல்ல சம்மதிக்கல. ஏற்கனவே ஒடிஞ்சு கிடக்குறவங்ககிட்ட நோய், சாவு இதையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டணுமான்னு கேட்டார். அவர் பயத்தை அடக்காம முழுசா பேச விட்டோம். அப்புறம் அம்மாவும் அவரும் உக்காந்து ஒரு தாள்ல எழுதினாங்க, எந்த ஆபத்தை எடுக்குறது அம்மாவோட உரிமை, எது வீட்டுல எல்லாரையும் பாதிக்கும்னு. விடிகாலைல ஆள் இல்லாத மொட்டைமாடில நடக்குறது அம்மா இஷ்டம். அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறது கூடாது. பிபி மெஷின் பரண்ல இருந்து இறங்குச்சு, வீட்ல இருக்குறவங்களுக்கு மட்டும்.

வேலை ஆரம்பிச்ச பிறகு

செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க. தாளை அவங்களே வடிவமைச்சாங்க: நேரம், காய்ச்சல், நாடி, ஆக்ஸிஜன், ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. காதுக்குச் சத்தமா கேக்குற ஒரு ஹெட்போன் பேரன் தேடி எடுத்துக் கொடுத்தான். ஆக்ஸிமீட்டர் போடுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க, கை சில்லுனு இருந்தா தேய்ச்சு சூடு பண்ணுங்க, நகப்பூச்சை அழிச்சுடுங்க, நம்பர் ஒரே இடத்துல நிக்கிற வரைக்கும் பார்த்துட்டே இருங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் பொறுமையா சொன்னாங்க. பொறுமையாங்கிறது என் வார்த்தை, திட்டு வாங்கினவங்க வேற சொல்லுவாங்க.

ஒருத்தர் 95ன்னு நம்பர் சொல்லி நல்லா இருக்கேன்னிருக்கார். இவங்க மெஷினை நம்பல, சும்மா கதை கேக்குற மாதிரி பேச்சுக் கொடுத்திருக்காங்க, அவரால ஒரு வாக்கியத்தை நடுவுல மூச்சு வாங்காம முடிக்க முடியல. டாக்டருக்குச் சொன்னாங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரில சேர்த்தாங்க, பிழைச்சு வந்தார். கருமையான தோல் உள்ளவங்களுக்கு ஆக்ஸிமீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம்னு அந்த டிசம்பர்ல ஒரு ஆய்வு பெருசா பேசப்பட்டுச்சு, அதை டாக்டர் அவங்ககிட்ட சொன்னப்போ "மெஷினைப் பார்க்காதே, ஆளைப் பார்னுதான் எங்க மேடம் சொல்லிக்கொடுத்தாங்க"ன்னு முடிச்சுட்டாங்க.

டிரெஸ் மாத்துறது, வாட்ச் கட்டுறது, ராத்திரித் தூக்கம் எல்லாம் ஒரு மாசத்துக்குள்ள திரும்புச்சு. மருந்து தேவைப்படல.

ஆனா இது நேர்க்கோட்டுல போகல. அக்டோபர் தொடக்கத்துல ஊசல் அந்தப் பக்கம் போய் முட்டுச்சு. நாலு வீடுன்னு பேசினது ஒம்பதாச்சு. நடுராத்திரி போன் எடுத்தாங்க. மருமகள் சொன்னா எரிஞ்சு விழுந்தாங்க. ஒரு நாள் வீட்ல யாருக்கும் சொல்லாம கீழ் மாடிக்குப் போய் ஒரு வீட்டு வாசல்ல நின்னு நோயாளியைப் பார்த்துட்டு வந்தாங்க, மாஸ்க் போட்டுத்தான், ஆனாலும் ஒப்பந்தத்தை மீறித்தான். முன்னாடி 'நான் எதுக்கும் ஆகாதவ', இப்ப 'எனக்கு ஒண்ணும் ஆகாது'. வேலையை நிறுத்தணும்னு மகன் கேட்டார். நிறுத்தல, வரம்பு போட்டோம், அதுவும் குடும்பம் போடல, டாக்டர் போட்டார், ட்யூட்டி நேரம் மாதிரி: ராத்திரி 9 மணிக்கு மேல போன் டாக்டர்கிட்ட போயிடும். மேலதிகாரி சொன்னா கேக்குற பழக்கம் அவங்களுக்கு உண்டு. மகன் சொன்னா இல்ல.

ஒரு சாவு

அவங்க வயசுக்காரர் ஒருத்தர், எதிர் பிளாக், பல நாள் தினமும் பேசினவர். ஆஸ்பத்திரில சேர்ந்து இறந்துட்டார். மறுநாள் இவங்க போன் எடுக்கல, அதுக்கு மறுநாளும் இல்ல. 'நான் சொன்னேன் பார்த்தீங்களா'ன்னு மகன் கேட்கல, ஆனா குரல்ல இருந்துச்சு.

இந்தப் போன் வேலைல இருந்து அவங்களை எடுத்துடலாமான்னு சேவைல யோசனை வந்துச்சு. எடுக்க வேணாம்னு நான் சொன்னேன். நர்ஸுக்கு நோயாளி இறக்குறது புதுசு இல்ல, இவங்களை எது தடுக்குதுன்னு கேட்கணும். கேட்டப்போ ரெண்டு விஷயம் வந்தது. ஒண்ணு, ஏதாவது விட்டுட்டேனோங்கிற சந்தேகம். அதுக்கு டாக்டர் அவங்களோட சேர்ந்து அந்தத் தாளை முதல் நாள்ல இருந்து ஒவ்வொரு வரியா பார்த்தார், எதுவும் தவறல. ரெண்டாவது நான் எதிர்பார்க்காதது. வார்டுல ஒருத்தர் இறந்தா உடம்பைத் துடைச்சு, கை கால் நேராக்கி, பொருளை எண்ணி, குடும்பத்துகிட்ட ஒப்படைச்சாத்தான் சிஸ்டரோட வேலை முடியும். "இதுல நான் எதையும் ஒப்படைக்கல"ன்னாங்க.

அவங்களேதான் வழியும் கண்டுபிடிச்சாங்க. அந்த மனுஷர் போன்ல பேசினதையெல்லாம், கேலி பண்ணது, யாரைப் பத்தி விசாரிச்சார், கடைசியா என்ன கேட்டார்னு ஒரு பக்கம் எழுதி, அவர் மகளுக்குப் போன் பண்ணி நிதானமா படிச்சுக் காட்டினாங்க. அந்த மகளுக்கு அப்பாவோட கடைசி நாட்களைப் பத்தி வேற எந்தத் தகவலும் கிடைச்சிருக்கல. அந்த வாரமே திரும்ப வேலைக்கு வந்தாங்க.

தடுப்பூசிக்குப் பிறகு

2021ல தடுப்பூசி போட்டாச்சு, வெளிய வரலாம்னு ஆச்சு. எல்லாரும் பழையபடி ஆயிடும்னு நினைச்சோம். மூணு மாடி இறங்கினப்போ கால் நிக்கல, ரெண்டாவது மாடிலயே உக்காந்துட்டாங்க. மொட்டைமாடி நடை போதல. நல்ல ஆரோக்கியமான முதியவங்க 10 நாள் படுக்கைல இருந்தாலே கால் தசை கிட்டத்தட்ட ஒரு கிலோ குறையுதுன்னு 2007ல ஒரு ஆய்வு காட்டியிருக்கு, இவங்க ஒரு வருஷத்துக்கு மேல உள்ள இருந்தவங்க. பிசியோதெரபி ஆரம்பிச்சோம், கைத்தடி வந்தது. கைத்தடியைப் பார்த்து மூணு நாள் பேசாம இருந்தாங்க.

வீடு வீடா போற சிஸ்டர் திரும்பி வரல. பில்டிங்ல ரெண்டு பொண்ணுங்களுக்கு பிபி பார்க்கவும் டிரெஸ்ஸிங் மாத்தவும் சொல்லிக்கொடுத்தாங்க, அவங்க செய்வாங்க, இவங்க நாற்காலில உக்காந்து கவனிப்பாங்க. அதுல முழு திருப்தி இல்ல, அந்தப் பொண்ணுங்க கட்டுற பேண்டேஜ் அவங்களுக்கு இன்னும் பிடிக்கல. அதே மனச்சோர்வு அளவுகோல்ல இப்ப 3 வந்தது. வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்குற பேச்சை இந்தக் கட்டத்துலதான் ஆரம்பிச்சேன், அப்ப நல்லாப் போச்சு. கதவைத் தொறக்கக்கூட கேக்க வேண்டியிருந்த அந்த வீட்டுச் சாவி விஷயத்துல மகனோட இருக்கிற மனக்கசப்பு மட்டும் கேஸை மூடுறப்பவும் தீரல.

இப்ப மாத்தியிருக்கிறது

முதல் பேச்சே தனியா, போன்ல. குடும்பத்தோட பேசுறது அதுக்கப்புறம். முன்னாடி 'என்ன கஷ்டம்'னுதான் படிவம் ஆரம்பிக்கும், இப்ப 'உங்ககிட்ட யாரு எதுக்கு வருவாங்க, அது எப்ப நின்னுச்சு'ன்னு ஒரு கேள்வி முன்னாடி வருது. அடைஞ்சு கிடக்குற காலத்துல மனச்சோர்வு அளவுகோலைப் பயன்படுத்தினா மொத்த நம்பரை மட்டும் எழுதக்கூடாது, எந்தக் கேள்விக்கு என்ன பதில்னு தனியா குறிக்கணும். காது சோதனை எல்லாருக்கும். கால் பயிற்சி முதல் வாரத்துலயே. வேலை கொடுத்தா எழுத்துல வரம்பு, அந்த வரம்பைக் காப்பாத்த குடும்பத்துக்கு வெளிய ஒரு ஆள், ஒரு சாவு வந்தா யாரு என்ன செய்யணும்னு முன்கூட்டியே பேச்சு.

இந்தக் கேஸை அப்படியே எல்லாருக்கும் எடுத்துப் போட முடியாது. அந்த நேரத்துல எல்லாருக்கும் தேவைப்பட்ட ஒரு திறமை இவங்க கையில இருந்துச்சு. சாயங்காலம் நாலு பேரோட வெளிய உக்காந்து பேசுறதே தன் அடையாளம்னு இருந்த ஒருத்தருக்கு இதே மாதிரி எதைக் கொடுப்பீங்க? அவங்களுக்கு வேற வழி பார்க்கணும், எங்களுக்கு அதுல சரியா அமைஞ்சதும் உண்டு, அமையாததும் உண்டு. அப்புறம் பி12 மருந்து, ஹெட்போன், மொட்டைமாடி நடை, வேலை எல்லாம் சில வாரங்களுக்குள்ள ஒண்ணா ஆரம்பிச்சதால, எது எவ்வளவு உதவுச்சுன்னு பிரிச்சுச் சொல்ல வழியில்ல. அவங்ககிட்ட கேட்டா வேலைதான்பாங்க. டாக்டர் பி12ஐ விட்டுக்கொடுக்க மாட்டார்.